நரம்புக்கு மருந்து கேட்கிறவர்கள்

சேலம் அம்மாப்பேட்டையில் என் சித்தப்பா ஒரு மருந்துக்கடை வைத்திருந்தார். கல்லூரி நாட்களில் மாலை வேளைகளில் கல்லாவில் உட்காருவது என் வேலை. இரவு எட்டரைக்கு மேல் வரும் ஒரு வகை வாடிக்கையாளரைப் பத்தே நாளில் அடையாளம் கண்டுகொள்ளப் பழகிவிட்டேன். வண்டியைக் கடைக்கு நேரே நிறுத்த மாட்டார். பக்கத்து டீக்கடை வாசலில் நிறுத்துவார். கடையில் பெண்கள் யாராவது நின்றால் தள்ளி நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லோரும் போன பிறகு உள்ளே வந்து, முதலில் தலைவலி மாத்திரை ஒன்று கேட்பார். அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்ட பிறகும் நகர மாட்டார். கண்ணாடி அலமாரியில் இருக்கும் சோப்புகளை ஒருமுறை பார்வையிட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, “நரம்புக்கு ஏதாவது இருக்கிறதா?” என்பார்.

எந்த நரம்பு என்று சித்தப்பா ஒருநாளும் கேட்டதில்லை. “கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தீர்கள்?” என்பதுதான் அவர் கேள்வி. வந்தவருக்கு முகம் சுருங்கிவிடும். நாம் ஒன்று கேட்டால் இவர் வேறொன்று கேட்கிறாரே என்று சிலர் பேசாமல் போய்விடுவார்கள். வியாபாரம் தெரியாத மனிதர் என்று நானும் அப்போது நினைத்தேன். மருத்துவச் செய்திகளை எழுதத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு சரியான கேள்வி என்பது புரிந்தது.

அவர்கள் மருந்து தேடி வந்தது, உறவின்போது ஆணுக்கு விறைப்பு வராத கோளாறுக்கு. நம் ஊரில் இதற்கு இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. இரண்டுமே ஆளைக் கெடுப்பவை. பஸ் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் பெயர் ‘ஆண்மைக்குறைவு’. ரத்தம் பாய வேண்டிய இடத்தில் சரியாகப் பாயவில்லை. அதற்கு ஒரு மனிதனின் ஆண்மையே குறைந்துவிட்டது என்று பெயர் வைத்தால் அவன் டாக்டரிடம் போவானா, ஒளிந்துகொள்வானா? வாயால் சொல்லும் பெயர் ‘நரம்புத் தளர்ச்சி’. இது கொஞ்சம் கௌரவமான பெயர்தான். ஆனால் தவறான கடைக்கு வழி காட்டிவிடுகிறது. நரம்பு தளர்ந்துவிட்டது என்று நம்புகிறவர் நரம்பை முறுக்கேற்றும் டானிக்கைத் தேடுவாரே தவிர, ரத்த அழுத்தம் பார்க்க மாட்டார்.

மருத்துவர்கள் எழுதும் பெயர் விறைப்புத்தன்மைக் குறைபாடு. உறவுக்குப் போதுமான விறைப்பு வராதது, அல்லது வந்தும் நிலைக்காதது, ஏறக்குறைய மூன்று மாதமாவது தொடர்ந்தால்தான் அது குறைபாடு. தறிக்கூடத்தில் இரவு ஷிப்டு முடித்து வந்த களைப்பில் ஒரு நாள், கடன்காரர் வீடு தேடி வந்துவிட்டுப் போன அன்று ஒரு நாள் என்பதெல்லாம் கணக்கில் வராது. விந்து முந்துவது வேறு, ஆசை குறைவது வேறு, குழந்தையின்மை வேறு. இவை அத்தனையையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறி ஒரே லேகியமாக விற்பதுதான் சுவரொட்டி வைத்தியம்.

இது ஏதோ ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் வியாதியும் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயதுக்குட்பட்ட சுமார் 1,300 ஆண்களிடம் நடத்திய புகழ்பெற்ற ஆய்வின் முடிவு 1994-ல் வெளியானது. அவர்களில் 52 சதவீதத்தினருக்கு லேசாகவோ கடுமையாகவோ இந்தக் குறைபாடு இருந்தது. பாதிப்பேர்! நம் ஊரில் அந்தப் பாதிப்பேரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்து டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்துகிறார்கள்.

விறைப்பு எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஆண்குறிக்குள் பஞ்சு போன்ற திசுவாலான இரண்டு தூண்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. சாதாரண நேரத்தில் அவற்றில் ரத்தம் கொஞ்சமாகத்தான் புழங்கும். ஆசை எழும்போது மூளையிலிருந்து நரம்பு வழியாகச் செய்தி போகிறது. நரம்பு முனைகளும் ரத்தக்குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை மிகச் சிறிய அளவில் வெளியிடுகின்றன. அது பட்டதும் குழாய்ச் சுவரில் இருக்கும் தசை தளர்ந்து குழாய் விரிகிறது. பஞ்சுக்குள் ரத்தம் பாய்கிறது. பஞ்சு உப்பிக்கொண்டு வரும்போது, ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகள் வெளியுறையோடு சேர்ந்து நசுங்கி அடைபடுகின்றன. உள்ளே போன ரத்தம் வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. அவ்வளவுதான் விறைப்பு. எலும்பும் இல்லை, முறுக்கேறிய நரம்பும் இல்லை. ‘தளர்ச்சி’ என்று நாம் எதைக் குறையாகச் சொல்கிறோமோ, அந்தத் தசைத் தளர்ச்சி நடந்தால்தான் விறைப்பே வரும் என்பது இதில் வேடிக்கை.

இந்த நைட்ரிக் ஆக்சைடுதான் கதையின் நாயகன். உடம்பின் எல்லா ரத்தக்குழாய்களிலும் உட்சுவர் இதைச் சுரக்கிறது. குழாயை விரிய வைப்பதும், சுவரில் கசடு ஒட்டாமல் காப்பதும் இதன் வேலை. இதைக் கண்டறிந்ததற்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் 1998-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. உட்சுவர் பழுதானால் இந்தச் சுரப்பு குறைகிறது. சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகை ஆகிய நான்குமே கைவைப்பது முதலில் அந்த உட்சுவரில்தான்.

ஆத்தூர், கெங்கவல்லிப் பக்கம் மரவள்ளிக் காட்டுக்குச் சொட்டுநீர் போட்டிருப்பவர்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். மெயின் குழாய் மூன்று அங்குலம் இருக்கும். காட்டுக்குள் ஓடும் பக்கக் குழாய் விரல் தடிமன். தண்ணீர் சொட்டும் துளையோ ஊசி நுழையும் அளவு. போர் தண்ணீரில் இருக்கும் உப்பு எல்லாக் குழாயிலும்தான் படிகிறது. ஆனால் முதலில் அடைபடுவது சொட்டும் துளை. அந்த வரிசைச் செடி வாடுவதைப் பார்த்த விவசாயி செடிக்கு டானிக் வாங்கப் போவதில்லை. வடிகட்டியைக் கழற்றிப் பார்க்கிறார், அமிலம் விட்டுக் குழாயைக் கழுவுகிறார். இன்று துளை அடைத்தால் நாளை பக்கக் குழாய் அடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

உடம்பிலும் அளவுகள் இப்படித்தான் இருக்கின்றன. ஆண்குறிக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் விட்டம் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர். இதயத் தசைக்கு ரத்தம் தரும் தமனி மூன்று முதல் நான்கு. கழுத்து வழியாக மூளைக்குப் போவது ஐந்து முதல் ஏழு. ஒரே கசடு எல்லாவற்றிலும் படியும்போது எது முதலில் காட்டிக்கொடுக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இத்தாலியின் மிலான் நகரில் நெஞ்சுவலியோடு வந்து இதய அடைப்பு உறுதியான 300 ஆண்களை விசாரித்தார்கள். அந்த ஆய்வு 2003-ல் வெளியானது. ஏறக்குறைய பாதிப்பேருக்கு விறைப்புக் குறைபாடு இருந்தது. அந்தப் பாதியில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, நெஞ்சில் எந்த அறிகுறியும் தெரிவதற்கு முன்பே அது வந்துவிட்டிருந்தது. சராசரியாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக.

மூன்று ஆண்டுகள் என்பது சாதாரண அவகாசமா? அந்த அவகாசத்தைத்தான் நம் ஆண்கள் லேகிய டப்பாவில் கரைத்துவிடுகிறார்கள். எனக்கு இந்த விஷயத்தில் உண்மையாகவே கோபம் வருவது இங்கேதான். நாற்பத்தைந்து வயதுக்காரர் வெட்கத்தால் மறைத்தது படுக்கையறை விஷயம் மட்டுமாக இருந்தால் அது அவர் வீட்டு விவகாரம் என்று விட்டுவிடலாம். அவர் மறைத்தது இதயம் முன்கூட்டி அனுப்பிய தந்தி.

சரி, கசடு எங்கிருந்து வருகிறது? தட்டிலிருந்து தொடங்கலாம். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் பெரிய ஆய்வு 2023-ல் சொன்னது. தமிழ்நாடு தேசியச் சராசரிக்கு மேலேதான் இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ள ஆண்களுக்கு விறைப்புக் குறைபாடு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்கு. வருவதும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்னதாக. ஒரு நியாயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும்: சர்க்கரை நோயில் மட்டும் ‘நரம்பு’ என்ற சொல் பாதி உண்மையாகிறது. நீண்ட நாள் கட்டுப்படாத சர்க்கரை குழாயின் உட்சுவரை மட்டுமல்ல, செய்தி கொண்டுபோகும் நரம்புகளையும் அரித்துவிடுகிறது. ஆனால் அந்த நரம்புக்கும் மருந்து சர்க்கரைக் கட்டுப்பாடுதான், டானிக் அல்ல.

சேலத்துக்காரரின் ஒரு நாள் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். காலையில் இட்லியோ தோசையோ. மதியம் குவித்த சோறு. மாலை டீயோடு தட்டு வடை செட்டு. இரவு பரோட்டாவும் சால்னாவும். நாள் முழுவதும் மாவுச்சத்து வேறு வேறு வேடம் போட்டுக்கொண்டு வருகிறது. ஜவ்வரிசியை உலகத்துக்கே அனுப்பும் ஊர் இது. அதுவோ மரவள்ளியிலிருந்து நாரையும் புரதத்தையும் நீக்கிவிட்டு எடுத்த சுத்தமான மாவு. உண்ணாவிரத நாளில் வயிற்றுக்கு இதமாக ஜவ்வரிசிக் கஞ்சி குடிப்பவர் சர்க்கரைக்காரராக இருந்தால் அன்று ஏறுவது சர்க்கரைதான்.

தட்டு வடை செட்டைப் பற்றி மட்டும் தனியாக ஒன்று சொல்ல ஆசை. இரண்டு தட்டு வடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி, பச்சைச் சட்னி. நடுவில் இருக்கும் பீட்ரூட்டில் நைட்ரேட் நிறைய உண்டு. வாயில் இருக்கும் பாக்டீரியாவின் உதவியோடு உடம்பு அதை நைட்ரிக் ஆக்சைடாக மாற்றிக்கொள்ளும். அதாவது நடுவே இருப்பது ரத்தக்குழாயின் நண்பன். மேலும் கீழும் எண்ணெயில் பொரித்து உப்புப் போட்ட இரண்டு எதிரிகள். என் ஊர்ப் பெருமையை விட்டுக்கொடுக்க எனக்கும் மனமில்லை. வாரத்துக்கு ஒரு செட் சாப்பிடுகிறேன்.

ராகிக் களியைப் பற்றியும் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. சர்க்கரை என்று தெரிந்த அன்றிலிருந்து சோற்றை நிறுத்திவிட்டு இரண்டு பெரிய உருண்டை களி சாப்பிடுகிறவர்கள் மேட்டூர், ஓமலூர்ப் பக்கம் ஏராளம். ராகியில் நார் உண்டு, சுண்ணாம்புச்சத்து உண்டு, எல்லாம் சரி. ஆனால் அதுவும் மாவுதான். நைசாக அரைத்துக் கிண்டிய இரண்டு உருண்டை, ஒரு தட்டுச் சோற்றுக்குச் சளைக்காமல் சர்க்கரையை ஏற்றும். ஒரு உருண்டை களி, அதற்கு இணையாகக் கீரைக் கடைசல், ஒரு கிண்ணம் தட்டைப்பயறோ கொள்ளோ என்று தட்டை மாற்றினால்தான் பலன். மாம்பழக் காலத்திலும் இதே கணக்கு. மல்கோவா வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு கீற்று என்பதுதான் பேச்சு. அதுவும் சோற்றுக்குப் பதிலாக, சோற்றுக்கு மேல் அல்ல.

எடையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. தறிக்கூடங்களிலும் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளிலும் கை கால் மெலிந்து, நடுவில் மட்டும் சிறு பானை கவிழ்த்தது போல வயிறு வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கலாம். தராசில் அறுபத்தைந்து கிலோ. அதனால் தாம் ஒல்லி என்று நினைப்பு. இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் வரம்பு. பேண்ட் அளவைச் சொல்லித் தப்பிக்க முடியாது. பேண்ட்டை நாம் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறோம். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. ஆண் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனைப் பெண் சுரப்பாக மாற்றும் நொதி அந்தக் கொழுப்பில் இருக்கிறது. குழாய்ச் சுவரைப் புண்ணாக்கும் வேதிப்பொருட்களும் அங்கிருந்தே கிளம்புகின்றன.

அடுத்தது தூக்கம். சேலத்துக்கென்றே உள்ள சிக்கல் இது. பல விசைத்தறிக் கூடங்களில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. காதைத் துளைக்கும் சத்தத்தில் விடிய விடிய நின்றுவிட்டு வந்து, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பகல் பதினொரு மணி வெயிலில் எவ்வளவு நேரம் தூங்க முடியும்? டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் தூக்கத்தில்தான் ஏறுகிறது. சிகாகோவில் ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் நாளுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுச் சோதித்தார்கள். 2011-ல் வெளியான அந்த ஆய்வில் பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்திருந்தது. இளைஞருக்கே ஒரு வாரத்தில் இப்படி என்றால், இருபது ஆண்டுகளாகத் தறி ஓட்டுகிறவரைப் பற்றி என்ன சொல்வது? ‘இரவு சீக்கிரம் படுத்துக்கொள்ளுங்கள்’ என்ற ஆலோசனையை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஷிப்டை அவர் தீர்மானிப்பதில்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, ஷிப்டின் கடைசி மூன்று நான்கு மணி நேரத்தில் டீயை நிறுத்துவது என்று சில சில்லறை வழிகள் உண்டு, அவற்றைச் சொல்லலாம். குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறி எழுகிறவராக இருந்தால் அது தூக்க மூச்சுத்திணறல். அதற்கும் விறைப்புக் குறைபாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதற்குத் தனியாக மருத்துவம் பார்க்க வேண்டும்.

தூக்கத்தை விரட்டத்தான் பீடி. நிகோடின் அந்த நிமிஷமே குழாய்களைச் சுருக்குகிறது; புகையில் உள்ள மற்ற விஷங்கள் ஆண்டுக்கணக்கில் உட்சுவரைத் தேய்க்கின்றன. பீடி இலையில் சுற்றியது, சிகரெட்டைப் போலக் கெடுதல் இல்லை என்ற பேச்சுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலையிலும் நிகோடின்தான். மதுவைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். கூச்சத்தைப் போக்கும் என்று குடிப்பவருக்கு, அது மூளையிலிருந்து போகும் செய்தியையே மந்தமாக்கிவிடும் என்பதை அனுபவமே சொல்லியிருக்கும். தொடர்ந்து குடித்தால் கல்லீரல், நரம்பு, ஆண் சுரப்பு மூன்றும் சேர்ந்து கெடும்.

கெட்டது திரும்புமா? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், சர்க்கரை நோய் இல்லாத, ஆனால் உடல் பருத்து விறைப்புக் குறைபாடு கொண்ட 110 ஆண்களை, 35 முதல் 55 வயதுக்காரர்களை, இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பொதுவான அறிவுரை மட்டும். இன்னொரு குழுவுக்கு உணவை எப்படிக் குறைப்பது, எப்படி நடப்பது என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள், அடிக்கடி சந்தித்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், கற்றுக்கொடுத்த குழுவில் 55 பேரில் 17 பேருக்குக் குறைபாடே இல்லை. மற்ற குழுவில் அப்படி மீண்டவர்கள் 3 பேர். 2004-ல் வெளியான ஆய்வு. மாத்திரை எதுவும் இல்லாமல் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தேறிவிட்டார். எல்லோரும் தேறவில்லை என்பதையும் அதே எண் சொல்கிறது. அதை மறைப்பது லேகியக்காரர் வேலை.

உடற்பயிற்சிக்கு எவ்வளவு அளவு என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018-ம் ஆண்டின் அலசல் ஒன்று, ஒரு தடவைக்கு 40 நிமிடம், வாரத்துக்கு நான்கு தடவை, ஆறு மாதம் என்று சொல்கிறது. மூச்சு வாங்க வேண்டும், வியர்க்க வேண்டும். காந்தி ஸ்டேடியத்தில் காலையில் நண்பர்களோடு அரசியல் பேசிக்கொண்டு இரண்டு சுற்று உலாவிவிட்டு, வெளியே வந்ததும் வடையும் காபியும் சாப்பிடுவது அதில் சேராது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். கன்னங்குறிச்சி மூக்கனேரி ஓரமாகப் பாட்டுப் பாட முடியாத, ஆனால் பேச முடிகிற வேகத்தில் நடந்தால் அது கணக்கு. ஏற்காடு அடிவாரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை நின்று பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கில் ஏறி, மேலே போய் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு, பைக்கிலேயே இறங்குகிறது இளைஞர் கூட்டம். சுமார் 1,500 மீட்டர் உயர மலை பக்கத்திலேயே இருக்கிறது. அதில் கொஞ்சம் நடந்து ஏறினாலும் போதும். ஆனால் நெஞ்சுவலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் டாக்டரைப் பார்க்காமல் மலையேறத் தொடங்கிவிடக் கூடாது.

இப்போது முருங்கைக்காய். பெயரைச் சொன்னதுமே நமட்டுச் சிரிப்பு வரும். முருங்கைக்காய், பேரீச்சை, பாதாம், சின்ன வெங்காயம், நாட்டுக்கோழி முட்டை, அத்திப்பழம் என்று பட்டியல் நீளும். இவற்றில் பெரும்பாலானவை நல்ல உணவுகள்தான். குழாயைக் காக்கும் உணவு முறையில் கீரை, பருப்பு, கொட்டை, பழம், மீன் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் ராத்திரி முருங்கைக்காய் சாம்பார் சாப்பிட்டு அன்றே பலன் எதிர்பார்ப்பது, மரவள்ளி நட்ட மறுநாள் கிழங்கு தோண்டுவது போல. தனி ஒரு காய் செய்யும் வேலை அல்ல இது. ஆறு மாதத் தட்டு செய்யும் வேலை.

லேகியம், சூரணம் விஷயத்தில் எச்சரிக்கையாகவே இருக்க வேண்டும். முறையாகப் படித்த சித்த மருத்துவரைப் பற்றி நான் பேசவில்லை. நாள் குறிப்பிட்டு லாட்ஜில் அறை எடுத்து ‘முகாம்’ போடுகிறவர்களையும், பெயர் தெரியாத டப்பாக்களையும் சொல்கிறேன். பாலுறவு ஆற்றலைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதையே தடை செய்து 1954-ல் சட்டம் போட்டாயிற்று. சுவரொட்டிகள் அதற்குப் பிறகு எழுபது ஆண்டுகளாக ஒட்டப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. ‘முழுக்க மூலிகை’ என்று விற்கும் பொடிகளில் ஆங்கில மருந்தான சில்டெனாஃபிலை ரகசியமாகக் கலந்திருப்பது உலகெங்கும் பரிசோதனைகளில் மீண்டும் மீண்டும் பிடிபட்டிருக்கிறது. ‘முதல் நாளே பலன்’ என்றால் சந்தேகப்பட வேண்டும். மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது.

அந்தச் சில்டெனாஃபில்தான் வயாகரா. நெஞ்சுவலிக்காக, இதயக் குழாயை விரிக்கலாம் என்று தேடிய மருந்து. சோதனையில் கலந்துகொண்ட ஆண்கள் சொன்ன பக்கவிளைவுதான் அதன் தலையெழுத்தை மாற்றியது. 1998-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதயத்தைத் தேடிப் போனவர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள் என்றால், இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே குழாய்க் கதைதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? நல்ல மருந்து, டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து. ஆசையை அது உண்டாக்காது. எழுந்த ஆசை குழாய்க்குப் போய்ச் சேர உதவும், அவ்வளவுதான். மூக்கு முட்டப் பரோட்டா, சால்னா சாப்பிட்டுவிட்டுப் போட்டால் எண்ணெய்ச் சாப்பாடு அதன் வேகத்தைக் குறைத்துவிடும். ‘கம்பெனி சரியில்லை’ என்று மறுநாள் கடைக்கு வந்து சண்டை போட்டவர்கள் உண்டு. ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு விழும், உயிரே போகலாம். பெயர் தெரியாத பொடியில் இது கலந்திருந்தால் அந்த இதய நோயாளிக்கு யார் சொல்வது?

எல்லாமே குழாய் என்று நான் சாதிப்பதாக நினைக்க வேண்டாம். இருபத்தைந்து வயதில், புதிதாகத் திருமணமாகி, இரண்டு அறை வீட்டில் அப்பா, அம்மா, தங்கையோடு இருக்கிறவருக்கு மனப்பயம்தான் முதல் காரணமாக இருக்கும். முதல் நாள் தவறியது, இரண்டாம் நாள் பயம், மூன்றாம் நாள் பயமே வியாதி. வித்தியாசம் கண்டுபிடிக்க எளிய அடையாளம் ஒன்று உண்டு. ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில் இரவுக்கு மூன்று முதல் ஐந்து முறை விறைப்பு வரும். விடியற்காலையில் தெரிவது அதன் கடைசி. அது ஒழுங்காக வருகிறது, மனைவியோடு இருக்கும்போது மட்டும் இல்லை என்றால் குழாய் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. மனதைக் கவனிக்க வேண்டும். அதுவும் சிறிது சிறிதாகக் குறைந்து நின்றுவிட்டது என்றால் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய நேரம். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் மன அழுத்த மாத்திரைகளும்கூட இதற்குக் காரணமாகலாம். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொன்னால் வேறு வகைக்கு மாற்றித் தருவார்.

பரிசோதனைகளும் பயப்படும்படி ஒன்றும் இல்லை. ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, தேவைப்பட்டால் காலை நேர டெஸ்டோஸ்டிரோன். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வெளிநோயாளிச் சீட்டு வாங்கினால் பெரும்பாலானவற்றைச் செலவில்லாமல் பார்த்துவிடலாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டு வாசலிலேயே பார்க்கிறார்கள். வாசலுக்கு வரும் தன்னார்வலர் பெண். அவரிடம் இந்தப் பேச்சை எடுக்க வேண்டியதே இல்லை. கையை நீட்டினால் போதும்.

சித்தப்பா கேள்வி கேட்டு முகம் சுருங்கிப் போனவர்களில் ஒருவரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஐம்பதை நெருங்கும் வயது, சேலம் குகைப் பகுதியில் எட்டுத் தறி வைத்திருந்தவர். அன்று தலைவலி மாத்திரையோடு போனவர் இரண்டு மாதம் கடைப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு மாலை அவருடைய மனைவி வந்தார். வண்டியை நேராகக் கடை வாசலிலேயே நிறுத்தி, நான்கு பெண்கள் நின்றிருந்த கூட்டத்தில் கையை நுழைத்து டாக்டர் சீட்டை நீட்டினார். சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை. சித்தப்பா சீட்டைப் பார்த்துவிட்டு, மாத்திரைகளை எடுத்து வைத்து, எதை எப்போது போட வேண்டும் என்று உறையில் எழுதினார். அந்த அம்மா பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “களி எத்தனை உருண்டை போடலாம், அண்ணா?”